முழங்கால் வரை ரப்பர்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், மந்தைவெளியில் ஒரு கொசு ஒழிப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் கொசுப்புழுக்களை இனம் பிரித்து எண்ணுவது என் பொறுப்பு. கையெழுத்து தெளிவாக இருந்ததால், தமிழில் அறிவிப்பு எழுதும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் மூன்று ஜோடி உயரமான ரப்பர் பூட்ஸ் வந்தன. ரப்பர் அபூர்வமாகிவிட்ட காலம். ஒரு ஜோடி யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. சாந்தோம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் பணியாளர் ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும். வீட்டுக் கொல்லைகளில் தண்ணீர் தேங்கும் குழிகளில் எண்ணெய் தெளிப்பவர். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நின்று நின்று கணுக்கால் வரை புண். மாதக் கடைசிக்குள் ஆறாவிட்டால் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். எங்களிடம் அவருக்குக் கொடுக்க வேறு வேலை இல்லை.

பணியாளர் இதை மாட்டிக்கொண்டு வருவார் என்று வீட்டுக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும். எந்தச் சொல்லால் அறிவிப்பது? நோட்டில் பட்டியல் போட்டேன். பூட்ஸ்: பட்டாளத்துக்காரர்கள் போடுவது, தோல். ஜோடு: கணுக்காலோடு நின்றுவிடும். மிதியடி: கட்டை, சாமியார்களுக்கு. பாதரட்சை: கோயில் வாசல் பலகையில் மட்டும் பார்த்தது. சப்பாத்து: இது எங்கள் டைப்பிஸ்ட் கொடுத்தது. சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்.

“எங்க வீட்ல இன்னிக்கும் சப்பாத்துதான். பூசைக்குக் கெளம்பறப்ப, ‘சப்பாத்த தொடச்சியா’ன்னுதான் அப்பா கேப்பாரு.”

“மயிலாப்பூர்ல சொன்னா, சப்பாத்தி குடுக்கறாளாம்னு தட்டோட வந்துடுவா” என்றேன்.

கடைசியில், எல்லாருக்கும் புரியட்டும் என்று ‘முழங்கால் வரை வரும் ரப்பர் செருப்பு’ என எழுதினேன். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் புண் அதிகமாகியிருந்தது. பூட்ஸ் வந்த நாளில் இருந்தபடியே பளபளத்தது.

“போட்டுக்கறதில்லையா?”

“எங்கம்மா போட்டுக்கறது? வாசல்லியே கயட்டுன்றாங்கோ. கேட்டா, நீங்க குட்த்த காயிதத்தயே எட்தாந்து காட்றாங்கோ. செருப்புன்னு எய்திக்கீதே, பாருன்றாங்கோ.”

“ஒரு நாளைக்கு எத்தனை வீடு?”

“முப்பது கீது. முப்பது தபா கயட்டி மாட்டினா பொயுது பூடாதா? அக்குள்ள வெச்சிக்கினு சுத்தறேன்.”

அந்தச் சொல்லை எழுதியது நான். உயரம், பொருள், அணிகிறவர் என்று வரிசையாகப் பார்த்தவள், காலில் அது எதுவரை வரும் என்பதோடு நிறுத்திவிட்டேன். வீட்டுக்குள் எதுவரை போகும் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் அவருடன் போனேன். அந்தத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கொல்லைக்குப் போக வேண்டுமானால் கூடத்தையும் சமையலறையையும் தாண்டித்தான் போக வேண்டும். முதல் வீட்டு வாசலில், யாரும் சொல்லாமலே என் செருப்பைக் கழற்றினேன். கழற்றிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

“மாமி, இது செருப்பு இல்லை. ரப்பர்” என்றேன், மேல்படியில் நின்று பணியாளரின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாளிடம்.

“கார் சக்கரம்கூட ரப்பர்தான். அதை ஆத்துக்குள்ள உருட்டிண்டு வரலாமோ?”

பணியாளர் எங்கள் பேச்சைக் கவனித்ததாகத் தெரியவில்லை. உள்ளே வருகிறவர்கள் காலலம்ப வாசலில் ஒரு தொட்டி இருந்தது. அங்கே போய்க் குவளையில் மொண்டு, முழங்காலிலிருந்து கீழே, பூட்ஸோடு ஊற்றிக்கொண்டார். தெருச் சேறும், தெளிப்பானிலிருந்து சொட்டியிருந்த எண்ணெயும் வழிந்து ஓடின. மாமி இரண்டு படி இறங்கி வந்தார்.

“தோல் இல்லையா அது?”

“தோலா இருந்தா தண்ணி ஊத்துவனா மாமி? ஊறிப் பூடாது?”

“உள்ளே ஜலம் போகலை?”

“முட்டி வரிக்கும் கீது, எப்டிப் போவும்?”

மாமி குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். “குதிகால்ல சேறு இருக்கு பார். இன்னொரு தரம் அலம்பு.” அவர் அலம்பினார். “சரி, சுவரோரமா வா. எதையும் தொடப்படாது.” பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, “ஏண்டி, ரப்பர்க் கால்காரன் வரான், காலலம்பிண்டுதான் வரான்” என்று குரல் கொடுத்தார்.

பணியாளர் போனதும் அந்த வழியெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பூட்ஸைத் தோல் இல்லை என்று காட்டிவிட முடிந்தது. மற்றதற்கு என்னிடம் எந்தச் சொல்லும் இருக்கவில்லை. அன்று நான் தேடவும் இல்லை.

சாயங்காலமே அறிவிப்பை மாற்றி எழுதினேன்: ‘பணியாளர் முழங்கால் வரை ரப்பர் உறை அணிந்திருப்பார். வாசலில் காலலம்பிவிட்டு உள்ளே வருவார்.’ மேலதிகாரி படித்துவிட்டு, “உறையா? என்ன பொருள் என்றே தெரியவில்லையே” என்றார். “என்ன செய்வார் என்று தெரிகிறது, சார்” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வீடுகளில் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றைப் பணியாளர் போகும் வீடுகளின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, நானே மேலதிகாரிக்குக் காரணம் எழுதிக் கொடுத்தேன். மற்ற இடங்களில் அவர் கணுக்காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் டாக்டர் அவர் கால்களை விரலால் அழுத்திப் பார்த்தார். இடது கணுக்காலில் ஒரு இடத்தில் மட்டும் ஈரம் இருந்தது. ‘தொடரலாம், அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

“இன்னா எய்திக்கீறாரும்மா?”

படித்துக் காட்டினேன். தொடரலாம் என்ற இடத்தை மறுபடி ஒரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, துணியைச் சுற்றி, பூட்ஸை மாட்ட ஆரம்பித்தார்.