துத்தம் கலக்காத பசை

கல்யாணமாகித் தாயில்பட்டிக்கு வந்த இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். தாய் செத்துவிட்டதாம். செவலைக் குட்டி, என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடும்.

அதற்கு என்ன கொடுப்பது என்று வாசலிலேயே பேச்சு வந்தது.

"நாய்க்கு விருந்தா வைக்க முடியும்? நாம குடிக்கிற கம்மங்கூழ ஊத்து, போதும்" என்றார் மாமியார்.

எதிர்வீட்டு அக்கா விடவில்லை. "பச்சக்குட்டி மதினி. புளிச்ச கூழு வயித்தக் கலக்கிரும். ரெண்டு கரண்டி பாலு ஊத்துங்க."

"அப்ப ஒன் எருமையையும் இங்கன கெட்டிட்டுப் போ. எங்களுக்கே வரக்காப்பி, இந்தத் தொரைக்குப் பாலு கேக்குதோ?"

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கூழை ஊற்றினேன். அக்கா சொன்னபடியே வயிறு போயிற்று. மூன்றாம் நாள் குட்டியால் நிற்க முடியவில்லை. அக்காவிடம் போய்க் கேட்டிருந்தால் பால் தந்திருப்பார். ஆனால் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஒன்றைக் கேட்க அப்போது எனக்கு வாய் வராது.

வீட்டில் நாங்கள் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்தோம். அதற்குத் தினமும் காலையில், கம்பெனி அளந்து தரும் மைதா மாவில் பசை காய்ச்சுவேன். அடுப்பிலிருந்து இறக்கியதும் மயில்துத்தத்தைப் பொடித்துக் கலக்க வேண்டும். பசை நீலமாகிவிடும். துத்தம் இல்லாவிட்டால் கரப்பானும் எலியும் பெட்டியைத் தின்றுவிடும். அது விஷம். நீலப் பசையில் வாய் வைக்கக் கூடாது என்று எங்கள் தெருவில் தவழ்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

துத்தம் விழும்வரை அது வெறும் மாக்கஞ்சிதானே என்று நினைத்தேன். ஒரு கரண்டி எடுத்துச் சிரட்டையில் ஆற்றி, புறவாசலில் வைத்தேன். குட்டி சிரட்டையை உருட்டி உருட்டி நக்கியது. வயிற்றுப்போக்கு நின்றது. ஒரு மாதத்தில் மினுமினுவென்று ஆகிவிட்டது. கம்பெனி மாவை நாய்க்குக் கொடுப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"பாத்தியா, கூழு குடிச்சே எம்புட்டுச் சதை போட்டிருக்கு!" என்று மாமியார் அக்காவிடம் பெருமை பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டி ஒட்டினேன். அதற்குள் பசைச் சட்டியின் வாசனை குட்டிக்குப் பழகியிருந்தது. சட்டியை இறக்கும்போதே வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

ஒருநாள் மத்தியானம் ஒட்டிய பெட்டிகளைக் கம்பெனியில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நடுவீட்டில் மாமியார் குட்டியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். அதன் வாயோரமும் அவர் சேலையும் நீலமாக இருந்தன. தூறல் விழவே, வெயிலில் காயவைத்த பெட்டிகளை அள்ள எழுந்து போயிருக்கிறார். அந்த நேரத்தில் குட்டி சட்டிக்குள் தலையை விட்டுவிட்டது.

"இதப் பிடி" என்று குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, மழையோடு எதிர்வீட்டுக்கு ஓடினார். பால் கேட்கத்தான். அக்கா சொம்போடு வந்தார். இருவரும் வாயைப் பிளந்து ஊற்றினார்கள். ஊற்றியதெல்லாம் நீலமாக வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள் குட்டி விறைத்துவிட்டது.

"எந்த நாயும் அத மோந்து பாத்துட்டு ஓடிருமே. இது ஏன்டி தின்னுச்சு?" என்று மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். முந்தானையால் குட்டியின் வாயோரத்தைத் துடைத்தேன். அவரே சொல்லிக்கொண்டார்: "நாந்தான் மூடாம எந்திரிச்சேன். நாந்தான் கொன்னேன்."

அதற்குப் பிறகு, தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடச் சட்டியைத் தட்டால் மூடி, அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பார். முழங்கால் வலி வந்த பிறகும் அதை விடவில்லை. ஒருநாள் அவர் குழவியோடு தள்ளாடியதைப் பார்த்து, "அத்தை, அந்தக் குட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"அத ஞாவகப்படுத்தாத புள்ள. எம் பாவம் என்னோட போகட்டும்" என்றார்.

குழவியை அவர் கையிலிருந்து வாங்கி நான் சட்டிமேல் வைத்தேன். அவர் போய்ச் சேரும்வரை அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.