ஜேர்மன் போத்தல்

ஏரம்பு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினார். வெள்ளைக் குளிசை தெறித்து விழுந்தது. எடுத்து மண்ணிறப் போத்தலுக்குள் போட்டார். போத்தல், யாரோ கடையில் விட்டுப்போனது; அதில் ஜேர்மன் எழுத்து. குளிசை இந்தியாவில் செய்தது, படகில் வந்தது. ஐம்பது முடிந்ததும் மூடியை இறுக்கினார். வெறும் அட்டைகளைக் கடைக்குப் பின்னால் போட்டு எரித்தார்.

அது தொண்ணூற்றிரண்டு. எண்பத்துமூன்று ஆடிக் கலவரம்வரை அவர் கொழும்பில், மருந்து இறக்குமதிக் கொம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் வேலை செய்தவர். ஒரே மருந்துக்கு நாலு நாட்டு விலைப்பட்டியல் வருவதை அங்கே பார்த்திருக்கிறார். பிறகு கப்பலேறி ஊர் வந்து, பருத்தித்துறையில் சிறிய மருந்துக் கடை போட்டார்.

போத்தல் மகாதேவிக்கு. அவள் சந்தையில் மீன் விற்பவள். புருஷன் செல்வநாயகத்துக்கு வலிப்பு. ஜேர்மனியிலிருந்து அவளுடைய தம்பி குளிசை அனுப்பிக்கொண்டிருந்தான். போரில் கொழும்புப் பாதை மூடிய பிறகு பார்சல் வரவில்லை. பத்து நாளில் இரண்டு தரம் வலிப்பு வந்துவிட்டது. முந்தின நாள்தான் ஏரம்பு இந்திய அட்டையை அவளிடம் நீட்டியிருந்தார்.

"இந்தா தங்கச்சி, உதே மருந்துதான். பேர்தான் வேறை. அட்டை முப்பது ரூபா."

அவள் திருப்பிப் பார்த்தாள். அச்சடித்த விலை ஒன்பது இந்திய ரூபா.

"ஒம்பது ரூபாய்க்குக் கச்சான் கடலை விக்கலாம் அண்ணை. தம்பின்ரை போத்தல்லை நாப்பது மார்க் எண்டு ஒட்டியிருக்கும். அங்கத்தைச் சனத்துக்கு விசரே?"

"அங்கை கண்டுபிடிச்ச கொம்பனியைத் தவிர வேறை ஒருதரும் செய்யேலாது, சட்டம். அவன் சொன்னதுதான் விலை. மருந்து குடிக்கிற வருத்தக்காரனும் தன்ரை கையாலை குடுக்கிறேல்லை, காப்புறுதிக் கொம்பனி குடுக்கும். பேந்து ஆர் பேரம் பேசுறது? இந்தியாவிலை மருந்துக்கில்லை, செய்யிற முறைக்கு மட்டுந்தான் உரிமை. வேறை முறையிலை பத்துப் பேர் செய்யினம். போட்டியிலை விலை இறங்குது. உள்ளுக்கை இருக்கிறது ஒண்டுதான்."

"மீன் மலிவெண்டால் ஏன் மலிவெண்டு எனக்குத் தெரியாதே? உதை நீங்களே குடியுங்கோ."

மறுநாள் ஜேர்மன் மருந்து என்று போத்தலைக் காட்டி ஏரம்பு அறுநூறு ரூபா சொன்னார். அட்டைக் கணக்கில், ஐந்து அட்டைக்கு நூற்றைம்பது. நூற்றைம்பது என்றால் அவள் தொடமாட்டாள். மிச்சத்தைப் பிறகு எப்படியாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தார். நினைத்தது உண்மை. கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

அவள் காசோடு வந்தபோது காதில் தோடு இல்லை. வேப்பங்குச்சி செருகியிருந்தாள். போத்தலை முகர்ந்து பார்த்தாள்.

"இது மருந்து," என்றாள்.

மூன்று கிழமை கழித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்த செல்வநாயகம் வலிப்பு வந்து சரிந்தான். பக்கத்தில் நின்றவர்கள் தூக்கிக் கரைசேர்த்தார்கள். ஏரம்பு பின்னேரம் ஆசுபத்திரிக்குப் போனார். நாக்குக் கடிபட்டு, மூச்சு இரைய, அவன் கண்மூடிக் கிடந்தான். கட்டிலருகே போத்தல். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"நாளுக்கு ரெண்டெல்லே தங்கச்சி?"

"காலமை அரை, பின்னேரம் அரை குடுத்தனான். தம்பி சும்மா அனுப்பேக்கை முழுசாக் குடுத்தன். இது தோடு வித்த மருந்தெல்லே. உந்த விலை மருந்துக்கு அரையே போதும் எண்டு நினைச்சன்."

பிறகு அடுத்த கட்டிலருகே இருந்த பெண்ணிடம் திரும்பிச் சொன்னாள்: "அண்ணை இதைத் தேடித் தந்திராட்டில் மனுசன் கடலோடை போயிருக்கும்."

இது அந்த முப்பது ரூபா அட்டைதான் என்று ஏரம்பு சொல்லவில்லை. சொன்னால் போத்தலைத் தூக்கி எறிவாள். அது காரணம்தான். அது மட்டும் காரணமில்லை.

"இனிப் பாதியாக்க வேண்டாம். முடிய முடிய நான் தாறன். காசு வேண்டாம்."

மகாதேவி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"காசு வேண்டாத மருந்தோ? பழசே அண்ணை?"

"இல்லை, இல்லை," என்றார் ஏரம்பு. "அறுநூறுதான்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எட்டரைக்குக் கடை திறந்தார். ஒருவருக்கு இருமல் மருந்தும் இன்னொருவருக்குப் பஞ்சும் கொடுத்தார். பதினொரு மணிக்கு மகாதேவி வந்தாள். செல்வநாயகம் கஞ்சி குடித்ததாகச் சொன்னாள். அடுத்த போத்தலுக்கு முற்பணமாக முந்நூறு ரூபா தந்தாள். அவர் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். பன்னிரண்டரைக்குக் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.