லைன்லயே இருங்க, மாத்தி விடுறேன்

இன்டர்நெட் போனில் வந்த அழைப்பை இன்னொருவருக்கு மாற்றிவிடுவது ரொம்பச் சின்ன வேலை. அது மாறாதபோது சரிசெய்யப் போகிறவன் படுகிற பாடு, என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும். மலேசியாவில், சிரம்பானில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்ட ஆபிஸ்களுக்கும் கடைகளுக்கும் போன் மாட்டிக் கொடுத்து, கெட்டால் போய்ப் பார்ப்பது என் வேலை.

பெடாஸில் நடத்திய பாடம்

பெடாஸ் பக்கம் ஒரு தோட்ட ஆபிஸ். மேனேஜருக்கு மாற்றிவிடுகிற அழைப்பெல்லாம் கட்டாகிறது என்று புகார். போன் எடுப்பவர் ஆபிஸ் கணக்கு வழக்கு பார்க்கும் கிராணி வசந்தி அக்கா. நான் எதையும் சோதிக்காமல், மேனேஜரை வைத்துக்கொண்டே பாடம் எடுத்தேன். "அக்கா, அவர் எடுத்து ஹலோ சொன்ன பிறகுதான் நீங்க வைக்கணும். நீங்க அவசரப்பட்டு வச்சுடுறீங்க." அக்கா தலை குனிந்துகொண்டார்.

செய்து காட்டுகிறேன் என்று நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். வந்த ஓர் அழைப்பை மாற்றிவிட்டேன். மேனேஜர் எடுத்தார், ஹலோ சொன்னார், நான் வைத்தேன். கட். இன்னொரு தடவை செய்தேன். கட். ரௌட்டரில் ஒரு செட்டிங்தான் அழைப்பை அறுக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார்: "நீங்களும் அவசரப்பட்டு வச்சுட்டீங்களா தம்பி?"

பகாவ் அம்மா

பகாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, மாற்றிவிட்ட அழைப்பில் சத்தமே வரவில்லை என்று தினமும் காலையில் கூப்பிடுவார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "லைன்லயே இருங்கம்மா" என்று சொல்லி, பக்கத்து அறையில் இருந்த சிவாவுக்கு மாற்றினேன். மாறிவிட்டது என்று நினைத்துப் பேசினேன். "சிவா, மறுபடியும் அந்தப் பகாவ் அம்மா லா. போன் கெட்டுச்சா, அந்தம்மாவுக்குக் காதுதான் கேக்கலையான்னு தெரியல. நீயே சமாளி."

எங்கள் ஆபிஸ் போனே அன்றைக்கு மாற்றவில்லை. அப்புறம் மெதுவாக ஒரு குரல்: "தம்பி, எனக்குக் காது கேக்குது."

சுவாவில் வைத்த பாட்டு

இதை எழுதவே கை கூசுகிறது. சுவா பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். கிராணி எடுக்காவிட்டால் மேனேஜருக்கு, மேனேஜர் எடுக்காவிட்டால் கிராணிக்கு என்று நான்தான் அமைத்தேன். காத்திருப்பவர்களுக்கு நல்ல பாட்டும் வைத்தேன். பெருமையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குச் சாப்பிடப் போனேன். கிராணியும் சாப்பிடப் போயிருந்தார். மேனேஜர் செம்பனைக் காட்டுக்குள் இருந்தார்.

திரும்பி வரும்போது, சேலையெல்லாம் சேறாக ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் லெட்சுமி. குலை வெட்டிக்கொண்டிருந்த புருஷன் தோளில் மட்டை விழுந்துவிட்டது. தூக்கிப் போக வேன் வேண்டும். அவரிடம் இருந்தது ஆபிஸ் நம்பர் ஒன்றுதான். அவருடைய அழைப்பு ஆளில்லாத இரண்டு மேசைக்கும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வேனோ ஆபிஸ் வாசலிலேயே நின்றது, உள்ளே டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பி நானும் கூடவே போனேன். தோள் எலும்பு முறிந்திருந்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை.

மறுநாளே போய், யாரும் எடுக்காவிட்டால் டிரைவரின் கைப்பேசிக்குப் போகிற மாதிரி மாற்றினேன். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையைக் கழுத்தோடு தொட்டில் மாதிரிக் கட்டி உட்கார்ந்திருந்தார் புருஷன். வாசலிலேயே நின்றேன். லெட்சுமி அக்கா கோபப்படவே இல்லை. "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆளுதான் வரல."

இப்போது எந்த அழைப்பையும் யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிவிட எனக்குத் தெரியும். வெட்கத்தை மாற்றிவிடத்தான் எந்தப் போனிலும் பட்டன் இல்லை.