படிக்கட்டில் மாட்டிக்கொண்ட கடிதம்

“பச்சை விளக்கு எரியுதாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். மறுமுனையில் நாற்காலி நகர்வது, முட்டி மடங்குவது, மேசைக்கு அடியில் தலை இடிபடுவது எல்லாம் வரிசையாகக் காதில் விழ வேண்டும். தலை இடிபட்டால்தான் ஆள் உண்மையாகவே குனிந்து மோடத்தைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். நின்ற இடத்திலிருந்தே “எரியுதும்மா” என்று ஏய்க்கிறவர்களிடம் குரலில் இன்னும் கொஞ்சம் தேனைக் கலந்து, “எத்தனை விளக்குங்க?” என்பாள். அப்புறம் குனியாமல் தப்ப முடியாது.

இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரத் தடுப்பு அவளுடையது. மெயில் வரவில்லை, போகவில்லை, போனது திரும்பி வந்துவிட்டது என்று வீடுகளிலிருந்து புலம்புகிறவர்களுக்குப் பதினான்கு வருடமாகப் பதில் சொல்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே ‘பச்சை விளக்கு’தான். ஹெட்செட்டின் பஞ்சுறை இரண்டையும் வாரம் ஒருமுறை துவைத்து ஜன்னலில் காயப்போடுவாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு எலிக்குஞ்சு வெயில் காய்வது போல இருக்கும்.

அவள் காதைப் பற்றி அலுவலகத்தில் ஏகப்பட்ட கதைகள். ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து வந்த மெல்லிய குறட்டையைக் கேட்டே, “முதல்ல அந்தப் பூனையை எழுப்புங்க, அது மோடத்து மேல படுத்திருக்கு” என்றாளாம். பூனை இறங்கியது, மெயில் ஏறியது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், அடுத்த வீட்டு விஷயம் என்றால் அவள் காது முழம் நீளும் என்பது மட்டும் சத்தியம். சொல்லாதீர்கள் என்று தடுத்தாலும் கடவுச்சொல்லை உரக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் அதையே குசுகுசுவென்று சொல்கிற கணவன்மாரும் இருக்கிறார்கள். அவள் மட்டும் வாயைத் திறந்தால் ஊரில் பாதிக் குடும்பம் ரெண்டுபடும்.

வீட்டிலும் இதே பிழைப்புதான். சலவைக் கடை வைத்திருக்கும் கணவர் இடுப்புவலி என்று உட்கார்ந்தால், “எப்ப இருந்து? அதுக்கு முன்னாடி எதையாவது மாத்துனீங்களா?” என்று ஆரம்பிப்பாள். “நான் மனுஷன்மா, மோடம் இல்ல” என்று அவர் எழுந்து போய்விடுவார்.

அழிப்பது என்றால் மட்டும் அவளுக்குக் கை வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தையல்காரம்மாவுக்கு ஒரு பெரிய மெயில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. யார் அனுப்பியது என்றுகூடக் கேட்காமல் அழித்துவிட்டாள். செத்துப்போன தாயின் குரலைத் தங்கை பதிந்து அனுப்பியிருந்தாள். தங்கையிடமும் வேறு பிரதி இல்லை. அந்தம்மா திட்டவில்லை. “தெரியாமத்தானே செஞ்சீங்க, விடுங்க” என்றார். திட்டியிருந்தால் இவளும் விட்டிருப்பாள்.

போன புதன்கிழமை மூன்று மணிக்கு ஒருவர் அழைத்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒன்பது நாளாக ஒரு மெயிலும் வரவில்லை. கண் ஆபரேஷனுக்கு மருத்துவமனை தேதி அனுப்பியிருக்கிறது. போனில் கேட்டால் மெயிலைப் பாருங்கள் என்கிறார்கள். ஐந்து மணிக்குள் சரி என்று பதில் போடாவிட்டால் தேதி வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவள் தன் திரையில் பார்த்தாள். நாற்பத்தொரு கடிதங்கள் அவருக்காகக் காத்திருந்தன. முதலில் நின்றது மட்டும் பூதம் மாதிரி இருந்தது. அவருடைய கம்ப்யூட்டர் அதை இழுக்கும், ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கி விட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து இழுக்கும். மாடிப்படித் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டால், பின்னால் தலையணையோடு வருகிறவனும் நிற்க வேண்டியதுதானே. ஐம்பது டன் சரக்கை அலுங்காமல் இறக்கிய மனிதர், ஒரு மெயிலை இறக்க முடியாமல் அல்லாடிக்கொண்டிருந்தார்.

பெரியதை அழித்துவிடு என்கிறது அலுவலகக் கையேடு. இரண்டு நிமிட வேலை. அவரும், எவனோ விளம்பரம் அனுப்பியிருப்பான், தூக்கிப் போடுங்கள் என்றார். அவளால் கடிதத்தைத் திறக்க முடியாது. அனுப்பியவர் பெயர் மட்டும் தெரியும். அதைப் படித்துக் காட்டினாள்.

மறுமுனையில் நாற்காலி சடாரென்று பின்னால் நகர்ந்தது.

“அந்த ஆளா?” என்றார். “அழிச்சிருங்க.”

“யாருங்க அவர்?”

“கூடப் பொறந்தவன். எனக்கு மூத்தவன். அம்மா போனப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம எல்லாத்தையும் முடிச்சவன். ஏழு வருஷமா பேச்சே கிடையாது. அவனுக்கு என் அட்ரஸ் எப்படித் தெரியும்?”

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. “நான்தான் குடுத்தேன்” என்றது ஒரு பெண் குரல். “இப்ப என்ன?”

“அழிங்கம்மா” என்றார் அவர், முன்னைவிடச் சத்தமாக.

கடிதத்துக்கு உரியவரே சொல்லிவிட்டார்; சட்டப்படி அவள் அழிக்கலாம். அழிக்கும் பொத்தானுக்கு மேல் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு, பதினான்கு வருடத்தில் சொல்லாத ஒரு முழுப் பொய்யைக் கூசாமல் சொன்னாள். “இங்க இருந்து அழிக்க முடியலைங்க. மெஷின் விடமாட்டேங்குது. உங்க பக்கம் இறங்கட்டும், அப்புறம் உங்க கையாலயே அழிச்சுக்கங்க.”

நாலரை வரை பார்ப்பது, இறங்காவிட்டால் அழித்துவிட்டு, அந்தப் பாவத்தையும் தையல்காரம்மாவின் பாவத்தோடு மூட்டை கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டாள்.

அவருடைய கம்ப்யூட்டர் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஐந்துக்கு ஏற்றச் சொல்லிக்கொடுத்தாள். கடிதம் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் நீலக் கோடு ஊர ஆரம்பித்தது. ஓர் அழைப்பு பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டினால் மேற்பார்வையாளர் எழுந்து வருவார். வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“என்னக்கா, போன்லயே குடும்பம் நடத்துறீங்களா?”

அவள் மைக்கைப் பொத்திக்கொண்டாள். “பீரோ இறங்குது தம்பி. இப்பக் கைய விட்டா கீழ நிக்கிறவர் நசுங்கிடுவார்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நகராமல் நின்றார்.

எண்பத்தாறு சதவீதத்தில் கோடு நின்றுவிட்டது. “நின்னுடுச்சும்மா” என்றார் கிரேன்காரர். அழிக்கச் சொல்லவில்லை. “மறுபடி முதல்ல இருந்து இழுக்குமா? வந்தது வரைக்கும் வீணாப் போயிடுமா?” என்றுதான் கேட்டார். எதையும் தொடாதீர்கள் என்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று. கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. பிறகு கடகடவென்று ஓடி முடிந்தது. பின்னாலேயே நாற்பது கடிதங்களும் முண்டியடித்துக்கொண்டு விழுந்தன.

மருத்துவமனைக்கு முதலில் பதில் போட வைத்தாள். மணி மூன்று ஐம்பது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கையேட்டில் உள்ளபடி கேட்டாள். வேண்டாம் என்றவர் போனை வைக்கவில்லை.

“அது ஏதோ வீடியோம்மா” என்றார். “அழிக்கிறதுன்னா எதை அழுத்தணும்? பார்க்கிறதுன்னா எதை?”

இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு மவுஸ் ‘டிக்’ என்றது. இருமல். கரகரத்த ஒரு கிழக்குரல், “டேய் சின்னவனே” என்று தொடங்கியது.

“ஏய், இங்க வா” என்று கிரேன்காரர் அடுப்படிப் பக்கம் கூப்பிடுவது கேட்டது. “அண்ணன்.”

இணைப்பைத் துண்டித்தால் அந்த அறையில் ‘பீப்’ என்று ஒலிக்கும். அவள் துண்டிக்கவில்லை. ஹெட்செட்டைக் காதிலிருந்து மெல்லக் கழற்றி, சத்தம் வராமல் மேசைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடினாள்.