செம்பில் வெட்டிய வீட்டுப்பேர்

எங்கள் ஆட்களுக்குப் பெயருக்கு முன்னால் ஒரு வீட்டுப்பேர் உண்டு. இரண்டு குடும்பங்களுக்கு அது ஒன்றாக இருந்தால் பங்காளிகள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராவிட்டாலும் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுடையது 'கொண்டூரி'. எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரியும் என்பது ஊருக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசை வேறு. கடைப் பலகை, பஸ் பலகை எதையும் விடமாட்டேன். உரக்கப் படித்துவிட்டுத்தான் நகர்வேன்.

எண்பதுகளில் ஒரு நாள் அத்தையைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையை ஏதோ கல்யாண வீட்டில் அத்தை ஏற்கெனவே பார்த்திருந்தாள். நாலு வரன்களை வேண்டாமென்றவள் அன்று விடியுமுன்பே தலைக்குக் குளித்துவிட்டாள். வீட்டுக்குள் தெலுங்கில் சண்டை போடும் எங்கள் ஆட்கள், சம்பந்தம் பேசும்போது மட்டும் மரியாதைக்குத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தம் வம்சத்தில் ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொன்னார். அப்பா எங்களுடையதில் மூன்றாவதிலேயே திணறி, எல்லோரையும் காபி குடிக்கச் சொன்னார். நான் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அதன் கழுத்தில் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. விடுவேனா? சபைக்கே கேட்கும்படி படித்தேன்: "சிந்தல."

அது மாப்பிள்ளையின் வீட்டுப்பேர்.

பெரியப்பா செம்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "ஏன் தம்பி, ஒங்க பாட்டனாரு சிந்தல வீட்டுல இருந்து தத்து வந்தவியளோ?"

தத்துப் போனால் வீட்டுப்பேர் மாறும், ரத்தம் மாறாது. கல்யாணம் கிடையாது.

அதுவரை வாய்க்கு வாய் "மாமா" என்றிருந்த அப்பா, இனி இவரைப் பெரியப்பா என்றழைக்க வேண்டியிருக்குமோ என்ற குழப்பத்தில் இருமினார். "அதெல்லாம் இல்லீங்க, செம்பு மட்டும்..." என்று இழுத்தார். முடித்தால் மானம் போகும். அடுக்களை வாசலில் அத்தை வெளுத்துப்போய் நின்றாள். "ஏட்டி, ஒன் படிப்புல இடி விழ" என்று என்னைத் திட்டிவிட்டு, செத்த நேரம் அப்பா முகத்தையே பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவளே கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் கல்யாணத்துக்கு ஒங்க ஊர்ல எரவல் வாங்குனது மாமா. திருப்பிக் குடுக்கல. உள்ள ஒரு அண்டாவும் கெடக்கு."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்புட்டுதானா? களவாண்டதுதானா?" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நான் சொந்தமாக்கும்னு பயந்துட்டேன். களவுன்னா தாராளமாப் பொண்ணு எடுக்கலாம்."

வீடு தேடி வந்து களவாணி என்றவரை அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

மாதம் முடிவதற்குள் சீர்ப்பாத்திரம் வாங்க அப்பா, அத்தை, நான் மூவரும் கடைக்குப் போனோம். பெயர் வெட்டுகிறவர் உளியை எடுத்துக்கொண்டு, என்ன வீட்டுப்பேர் என்று கேட்டார். அப்பா "கொண்டூரி" என்றார், உடனே தலையைச் சொறிந்து, "இல்ல, இனிமே சிந்தலதானே?" என்றார்.

"ரெண்டும் வேண்டாம்ணே. எம் பேரை மட்டும் வெட்டச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

குடம், தாம்பாளம், தூக்குவாளி எல்லாவற்றிலும் முன்னால் ஒன்றுமில்லாமல் அவள் பெயர் மட்டும் விழுந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால்தான் அத்தை எழுத்தைக் குறைத்துக்கொண்டாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.