கண்டியில் அவள் சொன்ன பெயர்

இலங்கைப் பிரஜா உரிமை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியானதும் எனக்குக் கண்மண் தெரியாத கோபம். பிறந்து வளர்ந்தவனை வேண்டாம் என்கிற இடத்தில் ஒரு நாளும் இருக்கமாட்டேன் என்று குதித்தேன். துறையூர்ப் பக்கம், முகம்கூடப் பார்த்திராத பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். இந்தியாவுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். மனைவியைக் கேட்கவில்லை, அவளிடம் சொன்னேன். அவ்வளவுதான்.

வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். எனக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, அவள் கொழுந்து எடுத்தாள். கைகால் விழுந்துபோன அவள் அம்மா அடுத்த லயத்து வரிசை வீட்டில் கிடந்தார். மலையிலிருந்து இறங்கியதும் முதலில் அங்கே போய்க் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அம்மாவை யார் பார்ப்பது என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். உன் அண்ணன் எதற்கு இருக்கிறான் என்று எரிந்து விழுந்தேன்.

பயணப் பத்திரத்துக்காகக் கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு கிடையாது. அதனால் இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். என் முறை முடிந்து பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அதிகாரி அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டார்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள் அவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள். அதிகாரி பொறுமையாக இரண்டாம் தடவையும் கேட்டார். சொல்லாவிட்டால் மனைவி என்று எழுத முடியாது, புருஷன் மட்டும்தான் போகலாம் என்றார்.

பிடிவாதக்காரி, கெடுத்துவிட்டாள் என்று பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் எதையும் கெடுக்க வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். அம்மாவோடு இருந்துவிடலாம். லயத்தில் ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள், மெச்சத்தான் செய்வார்கள்.

அவள் சொன்னாள். என் பெயரை, என் அப்பா பெயரோடு சேர்த்து, கணீரென்று சொன்னாள். கலியாணமாகிப் பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் வாயால் அதைக் கேட்டேன். சந்தோஷப்படத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து கடையில் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். பெயரைச் சொன்ன பாவத்துக்கு அன்று முழுக்கப் பட்டினி என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். நானும் பிரிக்காமல் ரயிலுக்குக் கொண்டுவந்தேன். ரயில் நாவலப்பிட்டி தாண்டியபோது பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"சொல்லாம இருந்திருக்கலாமில்ல? அம்மாகூடவே இருந்திருப்ப."

"நான் சொல்லலேன்னா நீங்க தனியாத்தான் போயிருப்பீங்க," என்றாள். "அங்க ஒங்களுக்கு யாரத் தெரியும்?"

போயிருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை. அவள் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். பிறகு, சோறு ஆறுது, சாப்பிடுங்க என்றாள்.