சீசாவில் இருந்த எலி

சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் மேல் வந்த புகார்களை விசாரித்து அறிக்கை தரும்படி மேலிடத்திலிருந்து எனக்கு உத்தரவு வந்தது. அதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை புரிந்துகொள்ள, இரண்டாம் முறை ருசிக்க. நாமக்கல்லில் வக்கீல் தொழிலில் அது எனக்கு ஏழாவது வருஷம். 'குற்றம் சாட்டப்பட்டவரோடு எனக்கு முன்விரோதம் ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உடனே போட்டேன்.

பச்சைப் பொய். நான் சென்னையில் சட்டம் படித்த கடைசி வருஷம் எங்கள் பக்கத்தில் பிளேக் பரவியது. செத்த எலி அகப்பட்ட வீட்டின் கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் விடவேண்டும் என்பது விதி. இந்த இன்ஸ்பெக்டர் ஊருக்குள் வந்தால் முதலில் ராசிபுரத்து நெய் ஒரு டின் கேட்பார். அப்பா கொடுக்கவில்லை. அடுத்த வாரமே எங்கள் பரணில் ஓர் எலி செத்துக் கிடந்தது. அம்மா அப்போது காய்ச்சலில் படுத்திருந்தாள். பிளேக் கண்டால் அக்குளில் கட்டும் நெறி கட்டவில்லை, வெறும் காய்ச்சல்தான். ஆனால் தூக்கிக்கொண்டு போகிற நிலையில் இல்லை. "ரெண்டு நாள் பொறுங்க" என்று அப்பா நெய் டின்னோடு ஓடினார். இன்ஸ்பெக்டர் டின்னைத் தள்ளிவிட்டார். மத்தியானம் ஓட்டைப் பிரித்தார்கள். சாயங்காலம் கோடை மழை கொட்டியது. தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை.

கேட்டபோது கொடுக்காததற்கு எலியைப் போட்டுப் பழி தீர்த்துவிட்டான் என்றார் அப்பா. அன்றிலிருந்து அவர் நெய்யைத் தொடவில்லை. அந்த ஆளை ஒருநாள் நடுத்தெருவில் நிறுத்துவேன் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நெய் கொடுக்காத வீடுகளில் இன்ஸ்பெக்டரே செத்த எலியைப் போடுகிறார் என்பதுதான் புகார். போட்டதைப் பார்த்தவர் யாருமில்லை. ஒரு வாரம் விசாரித்தும் என் கையில் ஒன்றும் சிக்கவில்லை. பிறகுதான் சுகாதார ஆபீசின் ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னேன். அகப்பட்ட எலிகளை ஸ்பிரிட் சீசாவில் போட்டு, ஊர், வீட்டுக்காரர் பெயரெழுதி ஒட்டி அடுக்கியிருந்தார்கள். டாக்டர்களுக்கு எலி என்றால் எலிதான். நான் கடலைக்காட்டில் வளர்ந்தவன். வெளுத்த வயிறு, வால் நுனியில் குஞ்சம். எடுத்துப் பார்த்த அத்தனையும் வெள்ளெலி. காட்டில் வளை தோண்டி வாழ்கிற அது வீட்டுப் பரண் ஏறிச் செத்தது என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தைகூட நம்பாது. இன்ஸ்பெக்டர் கடற்கரைப் பட்டணத்துக்காரர். அவருக்கு அது தெரியவில்லை. சீசாக்களின் நடுவே நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

காட்டில் எலி பிடிக்கிற பெரியவர் ஒருவரைச் சாட்சியாக அழைத்தேன். அவர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளெலிங்க. இன்ஸ்பெக்டரய்யாவோட பியூனுக்கு நாந்தானுங்க புடிச்சுக் குடுப்பேன்."

"இத்தனை வருஷமா ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

அவர் எதிரே நின்ற பியூனைப் பார்த்துக் கூச்சப்பட்டார். "சுட்டுத் திங்கத்தான் வாங்கறாருன்னு நெனச்சேனுங்க. அவுங்க ஊட்டுல தெரிஞ்சா மானம் போயிருமில்லீங்களா. அதான் மூச்சு உடலீங்க."

ஒரு வாரமாக என் குறுக்கு விசாரணைக்கு அசையாத பியூன் இதற்கு அசைந்துவிட்டான். "நான் திங்கலீங்க சாமி. அய்யா சொல்லித்தானுங்க வாங்குனேன்" என்று எல்லாவற்றையும் கக்கினான்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் என் அறைக்கு வந்தார். இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், பார்த்துச் செய்யுங்கள் என்று கும்பிட்டார். அந்த முகத்தைப் பார்க்கத்தானே காத்திருந்தேன். என் ஊரையும் அப்பா பெயரையும் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. மழையைச் சொன்னேன், தள்ளிவிட்ட நெய் டின்னைச் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"நான் நெய் வேண்டாம்னு சொன்னது ஒரே ஒரு வீட்டிலதான் சார். அங்க எலி நிஜமாவே செத்துக் கிடந்தது. நான் போடலை. ஊரே போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"வெளியே போய்யா" என்றேன்.

எங்கள் வீட்டுச் சீசாவை நான் அதுவரை எடுத்துப் பார்க்கவில்லை. அதில் வேறென்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. அன்று போய்ப் பார்த்தேன். கறுத்த முதுகு, குஞ்சமில்லாத நீண்ட மொட்டை வால். வீட்டு எலி.

அந்தச் சீசாவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மற்றவற்றை அறிக்கையோடு அனுப்பினேன். அந்த ஆளுக்கு வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே அவர்.

வேலைநீக்க உத்தரவு வந்த அன்று ஊருக்குப் போய், "அந்தாளுக்கு வேலை போயிருச்சுங்க" என்றேன். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையில் இருந்த சோற்றை நடுவில் குழித்தார்.

"சோத்துல கொஞ்சம் நெய் ஊத்தச் சொல்லு சாமி" என்றார்.

பக்கத்து வீட்டில் வாங்கி வந்து நானே ஊற்றினேன். அந்தச் சீசா இருந்த என் பை அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவர் பிசைந்து சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.